அச்சாரம் கேட்ட ஈமெயில்

ராசா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன், சாக்குக் கடைக்கும் தினம் போய்வருகிறேன். ஆனாலும் கடிதத்தின் தலையில் ‘நலம்’ என்று எழுதப் போனால் பேனா நின்றுவிடுகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் பாதிப் பேச்சில் எனக்குள் இருக்கும் வியாபாரி எழுந்து வந்துவிடுவாள். எதை எவ்வளவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று பார்ப்பாள். தாளில் எழுதினால் எழுதியது எழுதியதுதான். அசல் உனக்கு. இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, கடையில் எடை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டப்போகிறேன். சாக்குத் தைக்க வருகிற பெண்களும் மிளகாய் வத்தல் கடைக்காரர்களும் லாரிக்காரர்களும் நின்று வாசிக்கட்டும். பொய்யை நான் அத்தனை பேர் காது கேட்கத்தான் சொன்னேன். உண்மையை உன் காதில் மட்டும் ஓதினால் அது நியாயமாகாது.

போன மாதம் நீ கல்யாணத் தேதி சொல்லப் போன் பண்ணினாய். மண்டபம், சமையல் எல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில், “மாமாவுக்கும் ஒரு பத்திரிகை வச்சிரும்மா. அவிய வரலைன்னாலும் பரவால்ல” என்றாய். உன் அப்பா போனபோது உனக்கு நாலு வயது. கயத்தாற்றிலிருந்து சைக்கிளில் வந்து உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது உன் மாமாதான். உன்னைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எப்போதும் ‘மாப்ள’தான். மேடையில் தாய்மாமன் இடத்தில் யார் நிற்பார்கள் என்று பெண் வீட்டார் கேட்டதற்கு, “மாமாவுக்கு உடம்பு சரியில்லை” என்று நீ சொல்லிவைத்திருக்கிறாயாம். உன் சிநேகிதன் வந்தபோது சொன்னான். எனக்காக இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு முழுவதும் எந்தச் சாக்கைத் தொட்டாலும் விலை சொல்ல வரவில்லை.

என் தொழில் உனக்குத் தெரியும், சுவரில் வாசிக்கிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் நான் செய்த முட்டாள்தனம் புரியும். சாக்குக்கு இவ்வளவு கூலி என்று கிழிசல் தைத்து ஆரம்பித்தவள் நான். பிறகு நானே பழைய சாக்கு வாங்கித் தைத்து விற்றேன். பொம்பளைக்கு எதற்கு பேங்க் கணக்கு என்று கேட்ட காலம். உன் மாமா பேரில் கணக்குத் தொடங்கித்தான் வியாபாரம் பண்ணினேன். எங்கள் வியாபாரத்தில் பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அச்சாரம்தான் எல்லாம். சரக்கு பிடித்துவிட்டால் பத்து ரூபாயோ நூறு ரூபாயோ அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவோம். வாங்கியவன் அதற்குப் பிறகு வேறு ஆளுக்கு விற்கமாட்டான். கொடுத்தவன் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு. வாய் நிறையப் பேசிவிட்டு அச்சாரத்துக்குப் பையைத் தொடாத ஆளை நான் கடைக்குள் உட்காரவே விடமாட்டேன். இருபது வருஷம் இப்படியே பழகியவளுக்கு, அச்சாரம் என்ற சொல்லைக் கேட்டாலே எதிரில் நிற்பவன் நாணயமான ஆள் என்று மனது நம்பிவிடும். விழுந்தது அங்கேதான்.

அந்த வருஷம் மூடிய மில் ஒன்றின் குடோனில் கிடந்த சாக்கு முழுவதையும் மொத்தமாக ஒரே ஆளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அதை எடுத்தால் இந்த வட்டாரத்தில் வத்தலுக்கும் உளுந்துக்கும் சாக்கு வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும். பேங்க் மேனேஜர் கடனுக்கு மூன்று வாரம் ஆகும் என்றார். அடகுக் கடை வாசலில் மறுபடி போய் நிற்க ரோஷம் விடவில்லை. நீ அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தாய். என் விசிட்டிங் கார்டில் போடுவதற்காக நீயே ஒரு ஈமெயில் ஐடி செய்து கொடுத்திருந்தாய். பஜாரில் எவனிடமும் இல்லாத ஈமெயில் சாக்குக்காரியிடம் இருக்கிறது என்று நான் கார்டை எல்லார் கையிலும் திணித்துக்கொண்டிருந்தேன். அந்த ஐடிக்குத்தான் அது வந்தது. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிரித்துக்கொண்டே நீ தமிழில் சொன்னாய். லண்டனில் ஒரு கம்பெனி. ஜாமீன் வேண்டாம், வட்டி குறைவு, மூன்றே நாளில் பணம் ஏறிவிடும். கீழே ஒரு டாக்டர் கையெழுத்து.

“டாக்டரு எதுக்கும்மா கடன் குடுக்காரு?” என்று கேட்டாய்.

“வசதியான ஆளா இருப்பாவ. உனக்கென்ன?”

“அம்மா, இது பூரா டுபாக்கூர். சென்டருக்கு வார எல்லாருக்கும் இந்த மாதிரி வருது. போன வாரம் எனக்கு லாட்டரியில கோடி ரூவா விழுந்திருக்குன்னு வந்துச்சு. நான் சீட்டே வாங்கல.”

“உனக்கு வந்தது லாட்டரி. இது கடன்லா? திருப்பிக் கட்டணும்னு எழுதியிருக்கான். ஏமாத்துதவன் எவனாச்சும் திருப்பிக் கேப்பானா?”

நீ திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பதில் போடச் சொன்னேன். மறுநாளே அவனிடமிருந்து பதில் வந்தது: கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, பிராசசிங் ஃபீஸ் மட்டும் முன்னால் கட்டவேண்டும். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். முன்பணம் என்றாய். “அச்சாரம்னு சொல்லு!” என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அதுவரை எனக்குள் இருந்த சந்தேகமும் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அச்சாரம் கேட்கிறான், அப்படியானால் தொழில் தெரிந்தவன்.

அதற்குப் பிறகு நீ காட்டிய ஓட்டையை எல்லாம் நானே உட்கார்ந்து தைத்தேன். கிழிசல் தைப்பதுதானே என் தொழில். லண்டன் கம்பெனிக்கு வடக்கே எங்கேயோ ஒரு தனியாள் பேரில் எதற்குக் கணக்கு என்று கேட்டாய். நானும்தான் உன் மாமா பேரில் கணக்கு வைத்திருந்தேன், நான் என்ன திருடியா என்றேன். எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக இருக்கிறது என்றாய். என் பில்லில் இல்லாத பிழையா என்றேன். இன்றைக்குள் கட்டாவிட்டால் கடன் ரத்து என்று மிரட்டுகிறானே என்றாய். சந்தையில் சரக்கு நாளை வரை காத்திருக்குமா என்றேன். ரேஷன் கார்டு, பான் கார்டு, என் கையெழுத்து எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னான். அங்கேதான் நீ மௌஸிலிருந்து கையை எடுத்தாய்.

“நான் அனுப்பமாட்டேம்மா.”

“நீ என்ன எனக்கு மேனேஜரா? உன்னய எதுக்கு கம்ப்யூட்டர் படிக்க வச்சேன்?”

நீ எல்லாவற்றையும் டைப் அடித்து, படங்களைச் சேர்த்து வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்தாய். “அனுப்பணும்னா நீயே அமுக்கும்மா. அந்தா அம்புக்குறி நிக்குலா, அங்கன” என்றாய். நான் உட்கார்ந்து அமுக்கினேன். கோணி ஊசி குத்திக் காய்த்த இந்த ஆள்காட்டி விரலால்தான், ஒரு தடவைக்கு இரண்டு தடவை அமுக்கினேன்.

அச்சாரப் பணம் என் கையில் இல்லை. கயத்தாற்றுக்குப் போய், ஒரு இடத்திலிருந்து பணம் வந்ததும் திருப்பித் தருகிறேன் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் தார்ப்பாய்க் கடைக்குப் புதுச் சரக்கு எடுக்க வைத்திருந்ததை, எதற்கு என்று கூடக் கேட்காமல் கொடுத்தார். அதைக் கட்டியதும் இன்சூரன்ஸ் என்று கேட்டான். அதைக் கட்டியதும் ஏதோ சர்ட்டிஃபிகேட் என்றான். ஒவ்வொரு தடவையும் முதலில் கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்றுதான் சாக்கு விற்கிற காசைத் திரட்டி அடுத்ததைக் கட்டினேன். வரிசையாகச் சீல் வைத்த கலர்த் தாள்கள் வந்தன. பிரிண்ட் எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். ஒரு நாள் அவன் போன் அணைந்துவிட்டது. பதிலும் நின்றுவிட்டது. “பேங்க்லயும் போலீஸ்லயும் இன்னைக்கே எழுதிக் குடுத்துருவம்மா” என்று நீ சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். “வெளிய மூச்சு விட்டே, கொன்னுருவேன்” என்றேன்.

நாலாம் நாள் மாமா நம் கடைக்கு வந்தார். அந்தக் காட்சியை நீ மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். வத்தல் கடை அண்ணாச்சி ஒருவர் சாக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். “இந்தம்மாவ ஏமாத்த ஒருத்தன் இனிமேதான் பொறந்து வரணும்” என்று அப்போதுதான் சொல்லிச் சிரித்திருந்தார். நீ உள்ளே கட்டு அடுக்கிக்கொண்டிருந்தாய்.

“ஏட்டி, பணம் வந்துட்டா? தார்ப்பாய்க்காரன் வந்து நிக்கான்” என்று மாமா வாசலிலேயே கேட்டார்.

நான் சொன்னேன்: “நான் என்னத்தண்ணே செய்ய? இவன் கம்ப்யூட்டர்ல எதையோ அமுக்கித் தொலைச்சிட்டான். பூராவும் போச்சு. என்ட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

எதையோ அமுக்கிவிட்டான் என்பது பயத்தில் வாயில் வந்தது. என்னிடம் கேட்கவில்லை என்று சேர்த்ததை யோசித்துத்தான் சொன்னேன். அந்த அண்ணாச்சி முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இத்தனை வருஷமாக என்னைத் தூங்கவிடாதது அந்த இரண்டாவது சொல்தான்.

பெண்களின் ஊசியெல்லாம் நின்றுவிட்டது. மாமா உன்னைப் பார்த்து, “ஏலே, நெசமாலே?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து, கையில் கிடந்த சாக்கில் ஓட்டை தேடினேன்.

“ஆமா மாமா” என்றாய்.

“பெத்தவ கைய வந்து பாருலே, ஊசி குத்திக் குத்தி. அந்தக் காச எவனுக்கோ அமுக்கிட்டு, வந்து நின்னு ஆமாங்கான்” என்று சொல்லிவிட்டு, வாங்கிவைத்த காப்பியைக் குடிக்காமல் போனார். அன்றைக்குப் பிறகு அவர் வாயில் ‘மாப்ள’ இல்லை. ‘அந்தப் பய’ ஆனாய். வாரம் முடிவதற்குள் உன் சென்டர் முதலாளிக்கும் செய்தி போய், “நம்ம சென்டர் பேரு கெட்டுரும் தம்பி” என்று உன்னை நிறுத்திவிட்டார். அவரிடமாவது போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். அடுத்த மாதம் நீ சென்னைக்கு ரயில் ஏறினாய். ஸ்டேஷனில் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, நீ திட்டுவாய் என்று நின்றேன். ரயில் நகர்ந்தபோது, “அம்மா, அந்த ஈமெயில் ஐடிய கார்டுலருந்து எடுத்துரு. திரும்பவும் எழுதுவான்” என்று மட்டும் சொன்னாய். மாமாவின் பணத்தை ஒரு வருஷத்தில் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். அது எனக்குத் தெரிந்த வேலை. “பயலுக்காக நீ எதுக்குட்டி கெட்டு நொந்து அடைக்கே” என்று அவர் பரிதாபப்பட்டார். அந்தப் பரிதாபத்தையும் வாங்கி முடிந்துகொண்டேன்.

இரண்டு வருஷம் முன்பு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நுகர்வோர் கூட்டம் போட்டார்கள். வக்கீலம்மா ஒருவர் பேசினார். கடன் தருகிறவன் பணம் தருவதற்கு முன்னால் உங்களிடம் பணம் கேட்டால் அவன் கடன் தரப்போவதில்லை, அவ்வளவுதான் என்றார். பேங்க் கூடக் கட்டணம் வாங்கும், ஆனால் ரசீது இருக்கும், போய்ச் சண்டை போட ஒரு கட்டிடம் இருக்கும், கேள்வி கேட்க ஒரு மேனேஜர் இருப்பார் என்றார். இப்படி யாராவது ஏமாந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் எழுந்தேன். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன் என்றால் நம்புவாயா? எழுந்து நின்று, “எங்க வீட்டுப் பையன் ஒருத்தன் ஏமாந்துட்டாம்மா. வெவரம் பத்தாத பய” என்றேன். “அன்னைக்கே பேங்க்ல சொன்னீங்களா? போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா? உடனே சொல்லியிருந்தா அந்தக் கணக்க நிறுத்தி வைக்கவாவது பாத்திருக்கலாமே” என்று அந்தம்மா கேட்டார். நீ சட்டையை மாட்டிக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. புகார் எழுதினால், அனுப்பியது யார் என்று ஒரு கேள்வி வருமே. அதற்குப் பயந்துதான் உன்னைத் தடுத்தேன். ஏமாற்றியவன் பாதியைக் கொண்டுபோனான், மீதியை நான் அவனுக்குப் பாதுகாத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. சாக்குக் கட்டில் மேலேயும் அடியிலும் நல்ல சாக்கை வைத்து, நடுவில் இற்றுப்போனதைச் செருகுவார்கள். அதனால் நான் எந்தக் கட்டானாலும் நடுவில் முழங்கை வரை கையை விட்டு, ஈரம் இருக்கிறதா, நூல் இற்றிருக்கிறதா என்று பார்க்காமல் அச்சாரம் கொடுத்ததே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கையை விட்டுப் பார்க்காமல் கொடுத்தேன். அச்சாரம் என்ற சொல்லை அவன் எழுதக்கூட இல்லை. நானேதான் அந்தப் பேரை வைத்தேன். அவன் முன்னால் கேட்ட காசுக்கு என் தொழிலின் மரியாதையை நானே தூக்கிக் கொடுத்தேன்.

கம்ப்யூட்டரே தொழிலாக இருக்கும் உனக்கு நான் என்ன புத்தி சொல்ல? முகம் தெரியாதவனுக்கு முன்பணம் கட்டாதே, கையெழுத்துப் போட்ட தாளை அனுப்பாதே என்பதெல்லாம் சுவரில் வாசிக்கிறவர்களுக்கு. உனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு உன் பெண்டாட்டியோ பிள்ளையோ ஏமாந்துபோய் உன் முன்னால் வந்து நின்றால், யார் செய்தது என்று கேட்காதே. எப்போது நடந்தது என்று கேள். யார் என்று கேட்டால் நேரம் போய்விடும், பொய் வந்துவிடும். எப்போது என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு பேங்குக்கு ஓடலாம். நீ அன்றைக்கு அதைத்தான் செய்யப் பார்த்தாய். உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை.

போன வியாழக்கிழமை பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டு கயத்தாறு பஸ் ஏறினேன். மாமா கடையில் தார்ப்பாயை விரித்து ஓரத்தில் வளையம் அடித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையைக் கண்டதும், “அந்தப் பயலுக்குன்னா அங்கனயே வச்சிரு. நான் வரல” என்றார்.

“அமுக்குனது நான்தாண்ணே” என்றேன்.

சுத்தியல் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இரண்டாவது சொல்லையும் சேர்த்து.

“அவன் ஆமான்னானேட்டி?”

“எனக்காகச் சொன்னான்.”

அவர் தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு தீவாளிக்கு முன்ன வந்தான். வேட்டி துண்டு எடுத்துட்டு வந்து இந்தா இந்த வாசல்ல நின்னான். நான் ஏறிட்டுப் பாக்கல. தண்ணி கூடக் குடுக்கல. அப்பக்கூட சொல்லலையேட்டி அவன்” என்றார்.

நீ அங்கே போனதே எனக்குத் தெரியாது. அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, பஸ் லேட் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டாயே.

“எந்திரிச்சுப் போ. உன் மூஞ்சியப் பாக்க முடியல” என்றார் மாமா. எழுந்தேன். ரோட்டில் இறங்கும்போது, “நில்லு” என்றார். கல்லாவைத் திறந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு வந்தார். என் கையில் வைக்கவில்லை; பத்திரிகை இருந்த பைக்குள் போட்டார்.

“இத மாப்ளைட்ட குடுத்துரு. அச்சாரம். கல்யாணத்துக்கு மொத நாளே மாமன் வந்துருதான்னு சொல்லு. உனக்காக வரல, கேட்டுக்கோ.”

‘மாப்ள’ என்றார், ராசா. அதை எழுதத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

அந்த நாணயத்தைச் சாக்குத் துணியில் வைத்து, கோணி ஊசியால் நானே தைத்து, இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பிரித்துச் செலவழித்துவிடாதே. மாமா வந்து மேடையில் உன் பக்கத்தில் நின்றதும் அதை அவர் கையில் திருப்பிக் கொடு. சரக்கு வந்து சேர்ந்த பிறகு அச்சாரத்தை வைத்திருப்பது முறை இல்லை. பெண் வீட்டாரிடம் மாமாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று சொல்லாதே. இந்தக் கடிதத்தையே கொடு. அதற்குப் பிறகு என்னை எந்த வரிசையில் உட்காரச் சொல்கிறாயோ அங்கே வந்து உட்காருகிறேன்.

அம்மா